குவில்ட் துணியைத் துவைத்துவிட்டுத் தைப்பது: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

புதுத் துணியைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அப்புறம் வெட்டுவதா, கடையிலிருந்து வந்தபடியே வெட்டித் தைப்பதா? குவில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் ஷீட் வைத்துத் தைக்கும் போர்வை, தைக்கத் தொடங்கும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். வெளிநாட்டுத் தையல் வீடியோக்களில் துவைக்கத் தேவையில்லை என்று சொல்பவர்கள் நிறைய. அவர்கள் கையில் இருப்பது குவில்ட்டுக்கென்றே ஆலையில் தயாராகும் காட்டன். நம் கையில் இருப்பது மதுரைச் சுங்குடி, செட்டிநாட்டுக் கட்டம் போட்ட கைத்தறி, ஜெய்ப்பூர் அச்சுத் துணி, கலம்காரி, ஈரோட்டு கட் பீஸ். இவற்றோடு வருடக்கணக்காகப் புழங்கியதில் எனக்குச் சந்தேகமே இல்லை: துவைத்துவிட்டுத்தான் தைக்க வேண்டும், அதுவும் சூடான தண்ணீரில். விதிவிலக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இது நமக்குப் புதிய விஷயமும் இல்லை. ப்ளவுஸ் லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் எந்த நல்ல டெய்லரும் கத்தரி வைப்பதில்லை. புடவைக்கு ஃபால்ஸ் வைக்கும் முன்னும் அதை நனைத்து எடுப்பார்கள். ஒரே ஒரு லைனிங்குக்கே இவ்வளவு பார்க்கிறோம். குவில்ட்டில் இருபது, முப்பது விதமான துணிகள் ஒன்றோடொன்று தையலால் கட்டப்பட்டிருக்கும். ஒன்று மட்டும் சுருங்கினால் பக்கத்துத் துண்டையும் சேர்த்து இழுக்கும்.

துணி ஏன் சுருங்குகிறது? தறியில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, விறைப்பாக இழுத்துக் கட்டி நெய்கிறார்கள். அந்த இழுப்பு துணிக்குள்ளேயே தங்கியிருந்து, முதல் முறை நனையும்போது தளர்கிறது. அதனால் பெரும்பாலும் பாவு ஓடும் நீளவாக்கில் அதிகமாகவும் ஊடை ஓடும் அகலவாக்கில் குறைவாகவும் சுருங்கும். ஆலைத் துணியை முன்கூட்டியே சுருக்கிவிட ஒரு முறை உண்டு. சான்ஃபோர்ட் க்ளூயெட் என்ற அமெரிக்கர் 1930-இல் காப்புரிமை பெற்றது. அவர் பெயரிலேயே சான்ஃபரைசிங் என்கிறார்கள். கைத்தறிக்கு அந்த வேலை நடப்பதில்லை, நம் வீட்டு வாளியில்தான் நடக்க வேண்டும்.

எந்தத் துணி எவ்வளவு சுருங்கும் என்று ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். 10 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஒரு பக்கம் அரை அங்குலம் குறைந்திருந்தால் 5 சதவீதம். 60 அங்குலப் போர்வையில் அது 3 அங்குலம். எல்லாத் துணியும் ஒரே அளவில் சுருங்கினால் போர்வை கொஞ்சம் சிறிதாகும், அவ்வளவுதான். ஒன்று 2 சதவீதம், பக்கத்தில் இருப்பது 6 சதவீதம் என்றால்தான் பிளாக் (துண்டுகளை இணைத்துத் தைத்த சதுரம்) குழிந்தும் உப்பியும் கோணிப்போகும். பழைய புடவையையும் புதுத் துணியையும் கலந்து தைப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அம்மாவின் சுங்குடிப் புடவை சுருங்க வேண்டிய அளவுக்கு எப்போதோ சுருங்கிவிட்டது. அதன் பக்கத்தில் போன வாரம் வாங்கிய பாப்ளினை நனைக்காமல் தைத்தால், முதல் சலவையிலேயே புடவைத் துண்டு கொசகொசவென்று சுருக்கம் விழுந்து நிற்கும்.

சுருக்கத்தைவிட எனக்குப் பெரிய விஷயம் சாயம். சுருங்கிய போர்வையைப் போர்த்திக்கொள்ளலாம். வெள்ளைத் துண்டில் ஏறிய சிவப்பை அவ்வளவு சுலபமாக எடுக்க முடியாது. கடையில் கலர் கேரண்டி என்பார்கள். அந்த வார்த்தையை நம்பி நான் எந்தத் துணியையும் வெட்டுவதில்லை. சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு, கரும்பச்சை இந்த ஐந்தும் என் வீட்டில் தனித்தனியாகத்தான் நனையும்.

இங்கே ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கல் உப்பு போட்ட பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பரம்பரையாகச் சொல்கிறோம். சிலர் வினிகரும் சேர்ப்பார்கள். சாயப் பட்டறையில் உப்பு சேர்ப்பது உண்மைதான். அது சாயத்தை நூல் பக்கம் தள்ளுவதற்கு. இப்போது பருத்திக்கு அதிகம் பயன்படும் ரியாக்டிவ் சாயத்தை நூலோடு பிணைப்பது சோடாவின் காரம். பட்டறையை விட்டு வந்த துணிக்கு உப்பு அந்த வேலையைச் செய்யாது. உப்புத் தண்ணீரில் சாயம் குறைவாகக் கரைவதால் வாளி தெளிவாகத் தெரியும், நாமும் நிம்மதியாகிவிடுவோம். ஒட்டாத சாயம் துணியிலேயே உட்கார்ந்திருக்கும், சோப்புத் தண்ணீர் பட்டதும் கிளம்பும். வினிகர் கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயங்களுக்குச் சரி, பருத்திக்கு அதனால் பயனில்லை.

ஒட்டாத சாயத்தை வெளியேற்றச் சூடான தண்ணீர்தான் வழி. கை பொறுக்காத சூட்டில், கொஞ்சம் திரவ சோப்பு விட்டு, துணி தாராளமாக மிதக்கும் அளவு தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, குச்சியால் கிளறி, அலசி, மறுபடி அதே போல். தண்ணீர் தெளிந்த பிறகும் ஒரு சோதனை செய்வேன். ஈரத் துணியின் மேல் வெள்ளைத் துணி ஒன்றை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், கறை ஏறுகிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். எத்தனை அலசினாலும் விட்டுக்கொண்டே இருக்கும் துணியும் உண்டு. அதை அடர்நிறத் துணிகளோடு மட்டும் சேர்ப்பேன், இல்லையென்றால் பைக்கு ஒதுக்கிவிடுவேன். அவுரி நீலம் தனி ரகம். அது நூலின் மேற்பரப்பில் தங்கும் சாயம் என்பதால் உலர்ந்த பிறகும் கையில் தேய்ந்து வரும், பல சலவை தாண்டினால்தான் அடங்கும். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விற்ற ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ கட்டம் போட்ட துணிக்குச் சாயம் கரைந்து கலப்பதையே சிறப்பாகச் சொல்லி விளம்பரம் செய்தார்கள். சட்டைக்கு அது அழகாக இருந்திருக்கலாம். வெள்ளை ஒட்டு வைத்த போர்வைக்கு ஆகாது.

துவைக்கும்போது ஓர நூல் பிரிந்து சிக்கலாகும். துணியின் நான்கு முனைகளையும் சின்ன முக்கோணமாக வெட்டிவிட்டால் சிக்கல் வெகுவாகக் குறையும். மல்மல் போன்ற நெகிழ்ந்த நெசவுக்கு மட்டும் ஓரத்தில் ஜிக்ஜாக் ஓட்டிக்கொள்கிறேன். நிழலில், கொடியில் நேராக விரித்துக் காயவைக்க வேண்டும். கோணலாகத் தொங்கினால் பாவும் ஊடையும் சாய்ந்து, அப்புறம் எவ்வளவு கவனமாக வெட்டினாலும் சதுரம் சதுரமாக வராது. மழைக்காலத்தில் நான் இந்த வேலையை ஆரம்பிப்பதே இல்லை. அரைகுறையாகக் காய்ந்த காட்டனில் ஏறும் வாடை எளிதில் போகாது.

இதில் பாதகம் இல்லாமல் இல்லை. வேலை கூடுகிறது, தண்ணீர் செலவாகிறது. முக்கியமாக, கஞ்சி போன துணி தொளதொளவென்று ஆகிவிடும். ரோட்டரி கட்டர் என்ற உருளும் வட்டக் கத்தியின் கீழ் நழுவும், முக்கோணத் துண்டுகளின் சாய்ந்த ஓரம் இழுபடும். அதற்கு நான் ஜவ்வரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, வடிகட்டி, முக்கி எடுத்து, லேசான ஈரத்திலேயே இஸ்திரி போடுகிறேன். புதுத் துணியைவிட நேர்த்தியாக வெட்ட வரும். ஆனால் வெட்டுவதற்கு முந்தின நாள்தான் கஞ்சி. கஞ்சி போட்ட துணியை அலமாரியில் மாதக்கணக்கில் வைத்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும். கையால் தைப்பவர்களுக்குக் கஞ்சியே வேண்டாம், துவைத்த மென்மையான துணியில் ஊசி சுகமாக ஓடும்.

இனி விதிவிலக்கு. 2½ அங்குலப் பட்டை, 5 அங்குலச் சதுரம் என்று ஆலையிலேயே வெட்டிக் கட்டாக வரும் துணிகளைத் துவைக்கக் கூடாது. ஓரம் பிரிந்து அளவே மாறிவிடும். அவற்றை அவற்றோடு மட்டும் சேர்த்துத் தைக்கிறேன். இன்னொன்று, தைத்து முடித்துத் துவைத்ததும் மேலெல்லாம் மெல்லிய சுருக்கம் விழுந்து பழைய காலத்துப் போர்வை போல ஆகும் தோற்றம். எனக்கும் அது பிடிக்கும். அதற்காகத் துணியைத் துவைக்காமல் விட வேண்டியதில்லை. துணியைத் துவைத்து, நடுவில் வைக்கும் காட்டன் ஷீட்டை மட்டும் நனைக்காமல் வைத்தால் ஷீட் சுருங்கி அந்தத் தோற்றம் ஓரளவு வந்துவிடும். பாலியஸ்டர் ஷீட்டில் வராது.

வீட்டில் தினமும் புழங்கும் போர்வைகளில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. துவைத்த துணியில் தைத்தவற்றின் பிளாக்குகள் இன்னும் சதுரமாக, ஓரத்தைச் சுற்றித் தைக்கும் பைண்டிங் பட்டி அலையாமல் இருக்கின்றன. முன்பு துவைக்காமல் தைத்ததில் கலம்காரித் துண்டுகளைச் சுற்றிய வெள்ளை மங்கிப் பழுப்பேறியிருக்கிறது, ஒரு ஓரமும் உள்வாங்கியிருக்கிறது.

தைத்து முடித்த போர்வையில் சாயம் இறங்கிவிட்டால் முதலில் செய்ய வேண்டியது, அதைக் காய விடாமல் இருப்பது. இஸ்திரி போடவே கூடாது. பெரிய டிரம்மில் சூடான தண்ணீரும் திரவ சோப்பும் நிரப்பி, போர்வை முழுதும் மூழ்க இரவெல்லாம் ஊறவிடுங்கள். மேலே மிதந்து வரும் பகுதியை அடிக்கடி அமுக்கிவிட வேண்டும், அங்கேதான் கறை தங்கும். காலையில் தண்ணீர் நிறமாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி புதுச் சூடான தண்ணீர். தண்ணீர் தெளியும்வரை இதைத் தொடருங்கள்.