டாக்குமென்ட்ஸ் மட்டுமா, யூசர்ஸ் ஃபோல்டர் முழுக்கவா?

விண்டோஸில் நம் கோப்புகளை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றிவிட்டால் பேக்கப் எடுப்பது சுலபம். விண்டோஸை அழித்து மறுபடி போட்டாலும் கோப்புகள் தப்பிக்கும். (இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்து, அந்த டிஸ்க்கே போனால் இரண்டு டிரைவும் சேர்ந்தே போகும், அது வேறு கதை.)

எளிய வழி: டாக்குமென்ட்ஸ் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். பழைய கோப்புகளையும் நகர்த்தவா என்று கேட்கும், 'யெஸ்' கொடுங்கள். ஆனால் டி டிரைவுக்குள் முதலில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் வெறும் டி டிரைவையே காட்டிவிட்டேன். மொத்த டிரைவும் டாக்குமென்ட்ஸ் ஆகிவிட்டது, பழையபடி மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது! பிக்சர்ஸ், டெஸ்க்டாப் எல்லாவற்றுக்கும் இதையே தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஆப்டேட்டா (புரோகிராம்கள் தங்கள் செட்டிங்குகளையும் தகவல்களையும் வைத்துக்கொள்ளும் ஃபோல்டர்) மட்டும் சி-யிலேயே இருக்கும். குரோம் புக்மார்க்குகள் அதற்குள்தான்.

இன்னொரு வழி, இவை எல்லாம் அடங்கிய யூசர்ஸ் ஃபோல்டரை முழுதாக நகர்த்தி, பழைய இடத்தில் ஜங்ஷன் (அங்கே தேடினால் புதிய இடத்துக்குத் திருப்பிவிடும் இணைப்பு) வைப்பது. அப்போது ஆப்டேட்டாவும் கூடவே வரும். ஆனால் லாகின் செய்திருக்கும்போது பல கோப்புகள் பூட்டியே இருக்கும். ரெக்கவரி மோடில் (வழக்கமான விண்டோஸ் துவங்காமல், பழுது பார்ப்பதற்காக வரும் திரை) போய்த்தான் நகலெடுக்க வேண்டும். பின்னாளில் விண்டோஸ் அப்கிரேடும் மக்கர் செய்யலாம்.

என் ஓட்டு முதல் வழிக்குத்தான். புக்மார்க்கைத் தனியே எக்ஸ்போர்ட் செய்துகொள்கிறேன்.