மூன்று சக்கரத் தள்ளுவண்டி: நான்கரை ஆண்டுகள், இரண்டு குழந்தைகள்

நான்கரை ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒரே ஒரு மூன்று சக்கரத் தள்ளுவண்டிதான் உழைத்து வருகிறது. மூத்தவள் பிறந்த இரண்டாம் மாதத்தில் அதை வாங்கினோம். அவள் வண்டியில் உட்கார மறுத்து நடக்கத் தொடங்கிய காலத்தில் இளையவன் பிறந்தான். இப்போது அவனுக்கும் இரண்டு வயது கடந்துவிட்டது. வாங்கும்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தவை துணியின் நிறமும், ஒரு கையால் மடிக்க முடிகிறதா என்பதும்தான். இன்று ஒருவர் இத்தகைய வண்டியை வாங்கலாமா என்று கேட்டால், தினமும் எந்தத் தரையில் நடக்கிறீர்கள், வண்டியை எத்தனை முறை தூக்க வேண்டியிருக்கும் என்ற இரண்டு கேள்விகளையே முதலில் கேட்பேன்.

இவ்வகை வண்டி எதற்காக உருவானது என்பதை அறிந்தபோது எனக்கு ஒரு தெளிவு கிடைத்தது. விமானப் பொறியாளரான ஓவன் மெக்லாரன் 1965-இல் அலுமினியக் குழாய்களைக் கொண்டு வடிவமைத்த, குடைபோல் மடியும் வண்டியின் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. தூக்கிச் செல்வதற்கென்றே பிறந்த வண்டி அது. 1980-களில் அமெரிக்காவில் ஃபில் பேக்லர் என்பவர், ஓடப் போகும்போது குழந்தையையும் உடன் அழைத்துச் செல்ல விரும்பி, சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தி ஒரு வண்டியைச் செய்தார். இன்றைய மூன்று சக்கர வண்டிகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. உருட்டுவதற்காகப் பிறந்த வண்டியிடம் தூக்குவதற்கான எளிமையை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். இவை பெரும்பாலும் 9 முதல் 13 கிலோ வரை எடையுள்ளவை. அதனுடன் 10 கிலோ குழந்தையையும் சேர்த்துத் தினமும் இரண்டு மாடி ஏற வேண்டியிருப்பவர்கள் வேறு வகை வண்டியைப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஆனால் மேடு பள்ளமான தரையில் இந்த வண்டி தரும் சுகத்தை நான்கு சக்கர வண்டி எதிலும் நான் கண்டதில்லை. மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதுபோல, மூன்று சக்கரங்களும் எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நான்கு சக்கர வண்டியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்று வண்டி தடதடப்பது இதில் இல்லை. சக்கரத்தின் விட்டமும் உதவுகிறது. எங்கள் வண்டியின் சக்கரங்கள் 12 அங்குலம். கல்லோ வேரோ குறுக்கிட்டால் சிறிய சக்கரம் முட்டி நின்றுவிடும் இடத்தில் இது ஏறி இறங்கிவிடுகிறது. சரளைக்கல் பாதையில் மகள் விழிக்காமல் தூங்கிய மதிய வேளைகளை நினைத்தால், அந்தக் கூடுதல் எடையைச் சுமந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

அதே வடிவத்திலேயே இதன் முக்கியமான குறையும் இருக்கிறது. ஆடாமல் நிற்பது வேறு, கவிழாமல் இருப்பது வேறு என்பதை வண்டி வாங்கிய ஆறாவது மாதத்தில் கற்றுக்கொண்டேன். நடைபாதையின் ஓரக்கல்லிலிருந்து அவசரத்தில் கோணலாக இறங்கியபோது, முன்சக்கரமும் ஒரு பின்சக்கரமும் கீழே இறங்கிவிட, மேலே நின்ற மற்றொரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. கைப்பிடியை இறுகப் பற்றியிருந்ததால் வண்டி விழவில்லை. மகள் இருக்கைப் பாதுகாப்புப் பட்டை மாட்டியிருந்தாள். ஆனால் அன்று இரவு நெடுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது ஏன் நடந்தது என்பதைப் பிறகு தாளில் வரைந்து பார்த்தேன். நான்கு சக்கர வண்டி பக்கவாட்டில் சாயும்போது, ஒரே பக்கத்தின் இரு சக்கரங்களை இணைக்கும் கோட்டின் மீது சாய்கிறது. மூன்று சக்கர வண்டியோ பின்சக்கரத்தையும் நடுவிலுள்ள முன்சக்கரத்தையும் இணைக்கும் சாய்ந்த கோட்டின் மீது சாய்கிறது. அந்தக் கோடு முன்னே போகப் போகக் குழந்தையை நெருங்கி வருகிறது. பின் அச்சிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் மொத்த எடையின் மையம் இருப்பதாகக் கொண்டால், அந்த மையத்துக்கும் சாயும் கோட்டுக்கும் இடையே, அதே அகலமுள்ள நான்கு சக்கர வண்டியில் கிடைக்கும் பக்கவாட்டு இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே இதில் கிடைக்கும். குழந்தை முன்னால் குனிந்து எட்டிப் பார்க்கும்போது அது மேலும் சுருங்குகிறது. ஆகவே பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலம் அதிகமாகவும், இருக்கை தாழ்வாகவும், சாமான் கூடை பின் அச்சை ஒட்டிக் கீழேயும் அமைந்த வண்டியே பாதுகாப்பானது. கடையில் பார்க்கும்போது இருக்கையில் சற்று எடையை வைத்து, கைப்பிடியைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பின்சக்கரம் எவ்வளவு எளிதாக எழும்புகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

ஓரக்கல்லில் ஏறும்போது நேராக நின்று, கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி மேலே வைத்து, பிறகு இரு பின்சக்கரங்களும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடுமாறு தள்ள வேண்டும். இறங்கும்போது வண்டியைத் திருப்பி, பின்சக்கரங்களை முதலில் இறக்குவதே என் வழக்கம். கைப்பிடியில் பை மாட்டுவதை அன்றோடு விட்டுவிட்டேன். குழந்தையைத் தூக்கிய மறுநொடி கனமான பை வண்டியைப் பின்னால் சாய்த்துவிடும். படிக்கட்டுகளின் ஓரத்தில் தள்ளுவண்டிக்கென்று போடப்படும் இரட்டைத் தடங்களில் இந்த வண்டியை ஏற்றவே முடியாது, நடுச்சக்கரத்துக்கு அங்கே தடம் கிடையாது. வடிகால் மூடியின் கம்பிகளுக்கிடையே ஒற்றை முன்சக்கரம் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு என்பதால், கம்பிகளின் போக்கிலே செல்லாமல் குறுக்காகக் கடப்பது நல்லது.

முன்சக்கரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுழலும் முன்சக்கரம், நிலையான முன்சக்கரம், இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளக்கூடியது என மூன்று வகைகள் உள்ளன. கடைவீதி, லிஃப்ட், நெரிசலான நடைபாதை ஆகியவற்றுக்குச் சுழலும் சக்கரம் இன்றியமையாதது. நிலையான சக்கரத்தில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கைப்பிடியை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கித்தான் திருப்ப வேண்டும். ஒரு கையில் குழந்தையின் தண்ணீர்ப் புட்டி இருக்கும்போது அது இயலாத வேலை. ஆனால் மணலிலும் வேகநடையிலும் சுழலும் சக்கரம் இடம் வலமாகப் படபடக்கத் தொடங்கும், அப்போது பூட்டினால் வண்டி அமைதியாகிவிடும். எனவே பூட்டித் திறக்கும் வசதியுள்ளதையே நான் பரிந்துரைப்பேன். பூட்டாமல் ஓடுவது ஆபத்து. சாதாரண நடையிலேயே படபடப்பு வந்தால், சக்கரத்தைத் தாங்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். எங்களுக்கு இரண்டாம் ஆண்டில் அப்படி நேர்ந்தது, ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கியதும் சரியாகிவிட்டது.

வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்பது இவ்வகை வண்டியைப் பற்றி நான் அடிக்கடி கேட்கும் குறை. எங்கள் வண்டியும் இழுத்தது. காரில் ஏற்றுவதற்காகக் கழற்றிய முன்சக்கரத்தை மறுபடி மாட்டும்போது, அச்சு இரு பக்கப் பள்ளங்களிலும் ஒரே அளவு ஆழத்தில் உட்காராததே அதற்குக் காரணம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அதன் எடை முன்சக்கரத்தின் மேல் விழும்படி வைத்து, பூட்டு நெம்புகோலைத் தளர்த்தி மீண்டும் இறுக்கினால் பெரும்பாலும் நேராகிவிடும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும், குழந்தையை உட்கார வைப்பதற்கு முன் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தை இழுத்துப் பார்க்காமல் புறப்படாதீர்கள். என் கணவர் ஒருமுறை மறந்தார், வாசலைத் தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிட்டோம்.

டயர் விஷயத்தில் காற்றடைத்ததா, உள்ளே நுரை நிரம்பியதா என்ற கேள்வி எழும். காற்றடைத்த டயர் அதிர்வை நன்றாக உள்வாங்குகிறது. பதிலுக்குக் கவனிப்பைக் கேட்கிறது. இந்த நான்கரை ஆண்டுகளில் எங்களுக்கு மூன்று முறை பஞ்சர் ஆனது, மூன்றும் முட்களால். சைக்கிளுக்கு ஒட்டுவதுபோலவே டியூபை ஒட்டிக்கொள்ளலாம். புது டியூப் வாங்கும்போது வால்வு வளைந்திருப்பதை வாங்குங்கள். சிறிய சக்கரத்துக்குள் நேர் வால்வில் பம்பின் வாயை நுழைக்க இடம் இருக்காது. பெட்ரோல் நிலையத்து எந்திரத்தால் காற்றடிக்க வேண்டாம், அத்தனை சிறிய டியூப் சில நொடிகளில் நிரம்பி வெடித்துவிடக்கூடும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டாமல் கைப்பம்பால் அடிப்பதே போதும். பஞ்சர் ஆகாவிட்டாலும் காற்று மெல்லக் குறையும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது எங்கள் பழக்கம். நல்ல தளமுள்ள பாதைகளில் மட்டும் நடப்பவருக்கு நுரை டயரே போதுமானது.

பிரேக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல வண்டிகளில் மிதியை அழுத்தினால் ஓர் ஊசி சக்கரத்தின் பற்களுக்கிடையே போய் உட்காரும். ஊசி பல்லின் மேலேயே நின்றுவிட்டால், மிதி இறங்கியதுபோல் தோன்றினாலும் பிரேக் விழுந்திருக்காது. ஒருமுறை சரிவில் வண்டி ஒரு சாண் தூரம் நகர்ந்தபோதுதான் இதை உணர்ந்தேன். பிரேக்கை மிதித்ததும் வண்டியை முன்னும் பின்னும் சற்று அசைத்து, ‘டக்’ என்ற ஓசை கேட்ட பிறகே கையை எடுக்க வேண்டும். மேல்நோக்கிக் கால்விரலால் தூக்கி விடுவிக்கும் மிதி, செருப்பு அணிந்த காலுக்கு வலியைத் தரும். அழுத்திப் போட்டு அழுத்தியே விடுவிக்கும் அமைப்பு மேலானது. கைப்பிடியில் மணிக்கட்டுப் பட்டையும் அவசியம் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்தப் பட்டையையும் சிவப்பு நிற பிரேக் மிதியையும் விதியாகவே கட்டாயமாக்கியிருக்கிறார்கள். கையை விட்டு நழுவிய வண்டி எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைச் சரிவில் பார்த்த எவருக்கும் அந்த விதியின் நியாயம் புரியும்.

பச்சிளங்குழந்தைக்கு முழுவதும் தட்டையாகச் சாயும் இருக்கையோ, தனித் தொட்டிலோ தேவை. கழுத்து நிற்காத குழந்தையை அரைச்சாய்வில் உட்கார வைக்கக் கூடாது. இந்த வண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஓடுவதற்கு ஆறு மாதமாவது கழிய வேண்டும், அதையும் குழந்தை மருத்துவரிடம் கேட்ட பிறகே செய்ய வேண்டும். நாங்கள் எட்டாம் மாதம்வரை நடந்ததோடு சரி. வெயிலுக்காக வண்டியை மெல்லிய துணியால் மூடும் வழக்கத்தையும் கைவிடுங்கள், உள்ளே காற்று தங்கி வெப்பம் ஏறிவிடும். கண்ணாடித்தாளோ வலையோ வைத்துத் தைத்த சன்னலுடன் நன்றாக இறங்கும் கூரை போதும்.

மடிப்பதைப் பொறுத்தவரை, கார் டிக்கியை அளந்துகொண்டு போகாதது எங்கள் தவறு. மூன்று சக்கர வண்டி மடிந்த பிறகும் நீளமாகவே இருக்கும். முன்சக்கரத்தைக் கழற்றினால்தான் எங்கள் டிக்கி மூடும். மடிக்கும்போது குழந்தை அருகில் நிற்கக் கூடாது, மூட்டுகளில் விரல் நசுங்கிவிடும். துணி, புட்டி தாங்கி, மழை உறை ஆகியவை எந்த வண்டிக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

எவ்வளவு காலம் பயன்படும் என்பது எடை வரம்பைப் பொறுத்தது. ஐரோப்பியத் தர அளவான ஈ.என். 1888-இன் முதல் பகுதி 15 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளுக்கான வண்டிகளுக்கும், இரண்டாம் பகுதி அதற்கு மேல் 22 கிலோ வரைக்கும் உரியது. எங்கள் வண்டியின் முத்திரை முதல் பகுதிக்கானது. அதனால் மகள் மூன்றரை வயதில் கால் வலிக்கிறது என்று அழுத நாள்களிலும் அவளை அதில் ஏற்ற முடியவில்லை. மறுபடி வாங்குவதாக இருந்தால் இந்த ஒரு விஷயத்தில் வேறு முடிவெடுப்பேன்.

இளையவனும் இப்போது வண்டியைத் தானே தள்ளத்தான் விரும்புகிறான். அடுத்த மாதம் தங்கையின் குழந்தைக்கு வண்டியைக் கொடுக்கப் போகிறோம். மூன்று டியூப்களையும் மாற்றியாகிவிட்டது. பிஸ்கட் தூள் அடைத்திருந்த பட்டைக் கொக்கியை வெந்நீரில் அலசி, சொடுக்கும் ஓசை முன்போலவே கேட்கிறதா என்று பார்த்தேன். நூல் பிரிந்திருந்த தோள்பட்டைக்கு மட்டும் அதே வண்டிக்குரிய புதுப்பட்டையை வரவழைத்திருக்கிறேன். அது வந்து சேர்ந்த பிறகே வண்டி வீட்டை விட்டுப் போகும்.