கோயில் ரசீதுக்கு டிரைவா, டிராப்பாக்ஸா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டக் கோயிலுக்கு உபய ரசீதுகளைச் சேர்த்துவைக்க ஆப் எழுதித் தந்தேன். எங்கே சேமிப்பது என்று இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டு கூகுள் டிரைவில் போய் நின்றேன். இலவச இடம் அதில் 15 ஜிபி, டிராப்பாக்ஸில் 2 ஜிபி. போதாததற்கு இங்கே எல்லோரிடமும் ஜிமெயில் இருக்கிறது. சரி, இது தெரிந்த கதைதான்.

தலைவலி, ஆப் எவ்வளவு அனுமதி கேட்கிறது என்பதில். முதலில் சோம்பல்பட்டு டிரைவ் முழுவதற்கும் கேட்டேன். எல்லாக் கோப்புகளையும் பார்க்கலாம், திருத்தலாம், அழிக்கலாம் என்ற திரையைப் பொருளாளர் அங்கிள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "தம்பி, என் ஈபிஎஃப் பேப்பர், பேத்தி ஐசி கார்டு எல்லாம் இதிலதான் கிடக்கு. அதையும் உன் ஆப் பார்க்குமா?" பார்க்கும். நான் பார்க்க மாட்டேன்தான், ஆனால் அவர் டிரைவைத் திறக்கும் சாவி போல என் சர்வரில் இருக்கும் டோக்கன் திருடுபோனால் திருடியவன் பார்ப்பான், பதில் சொல்ல வேண்டியவன் நான்.

அப்புறம் பராமரிப்பு. முழு அனுமதியோடு தரவு நம் சர்வர் வழியாகப் போனால் கூகுள் ஆண்டுதோறும் பாதுகாப்புத் தணிக்கை கேட்கும், கோயில் ஆப்புக்கு அந்தச் செலவை யார் தருவது? அதற்குப் பயந்து ஆப்பை முறையாக வெளியிடாமல், கூகுளின் சோதனை நிலையிலேயே விட்டுவைத்தேன். அங்கே டோக்கன் 7 நாளில் காலாவதி. வெள்ளிக்கிழமை பூசை நேரம் பார்த்து "திரும்ப லாகின் கேக்குது" என்று போன் வரும், நானோ மூன்று வாரம் என் கோடில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். 'டிரைவ்.ஃபைல்' அனுமதிக்கு மாறி ஆப்பை முறையாக வெளியிட்டதும் அது நின்றது. ஆப் உருவாக்கியதும் பயனர் எடுத்துக் கொடுத்ததும் மட்டுமே அதற்குத் தெரியும், அந்தத் தணிக்கையும் கிடையாது. பழைய பில்களை மட்டும் அங்கிளே தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது, முணுமுணுத்தார்.

இதில் டிராப்பாக்ஸ்தான் மேல். ஆப்புக்கென்று தனி ஃபோல்டர், அதில் கையால் போட்டதும் தெரியும். ஆனால் தனி ஃபோல்டரா, முழுசா என்பதை ஆப்பைப் பதியும்போதே முடிவு செய்ய வேண்டும், பிறகு மாற்ற முடியாது. நான் ஒரு வாரம்தான் ஓட்டிப் பார்த்தேன், இதற்கு மேல் அடித்துப் பேச மாட்டேன்.

இந்த வருடம் பொருளாளர் மாறினார். பழையவரின் டோக்கனை ரத்து செய்து, சர்வரிலும் அழித்துவிட்டு, அவர் கூகுள் கணக்கின் இணைப்புப் பட்டியலில் என் ஆப் இல்லாததைக் காட்டினேன். அவர் விரல் கீழே நகர்ந்தது. எப்போதோ போட்ட இரண்டு கேம், ஒரு போட்டோ ஆப். "இவனுங்கள்லாம் யாரு தம்பி?"