வளவுக் குப்பைக்குள் தொலைந்த நகை தேட 6 இஞ்சிக் கொயில்: எக்குவினொக்ஸ் பாவனையாளருக்கு ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்து வளவு எதை எடுத்தாலும் மண்ணின் மேல் நாலு விரற்கடைக்குள் உலோகக் குப்பை நிறையக் கிடக்கும். கூரை மாற்றியபோது சிந்திய தகர ஆணி, இற்று விழுந்த முள்ளுக்கம்பித் துண்டு, சோடா மூடி, பனடோல் மட்டை, பால்மா பைக்கற்றின் உட்தாள், றேடியோவிலிருந்து கழற்றி எறிந்த பற்றரி. கிணற்றடியிலோ கோடிப்புறத்திலோ ஒரு மோதிரம் கழன்று விழுந்தால், உலோகம் தேடும் மெசின் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கத்தும். அப்படியான மெசின்களில் மினலாப் நிறுவனத்தின் எக்குவினொக்ஸ் 600, 800 இரண்டும் 11 இஞ்சிக் கொயிலோடுதான் (மண்ணின் மேல் ஆட்டும் தேடல் தட்டு) வந்தவை. திறந்த வெளிக்கு அது அருமையான கொயில். குப்பை மண்ணில் அதே கொயில் ஆளைக் குழப்பிவிடும்.

காரணம் எளிது. 11 இஞ்சி என்றால் 28 சென்ரிமீற்றர். ஒரே வீச்சில் அதன் கீழே மூன்று ஆணி, ஒரு மூடி, உங்கள் மோதிரம் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். மெசினுக்கு அவை தனித்தனிப் பொருளாகத் தெரியாது. ஆணியின் சமிக்ஞை மோதிரத்தை மூடி மறைத்துவிடும். மறைந்த பொருளுக்கு மெசின் சத்தமே போடாது என்பதுதான் இதில் ஆபத்து. “முழு வளவும் பார்த்தாச்சு, இல்லை” என்று திரும்பி வந்த பல தேடல்களில் நகை அங்கேயேதான் கிடந்திருக்கும். 6 இஞ்சிக் கொயிலில் (15 சென்ரிமீற்றர்) ஒரு நேரத்தில் கீழே அகப்படும் பொருட்கள் குறைவு. ஆணியிலிருந்து நாலைந்து விரல் தள்ளிக் கிடக்கும் மோதிரம் தனியாகக் குரல் கொடுக்கும்.

இரண்டாவது நன்மை மண்ணைப் பற்றியது. வலிகாமத்துச் செம்மண்ணில் இரும்பு ஒக்சைட் அதிகம். குப்பை கொளுத்தும் மூலையில் சூடுபட்ட மண்ணின் காந்தத்தன்மை இன்னும் கூடிவிடும். கொயில் சிறிதென்றால் அது ஒரு நேரத்தில் பார்க்கும் மண்ணும் குறைவு, மெசினின் அலட்டலும் குறைவு. மேலே போகும் மின்கம்பி, பக்கத்து வீட்டு மோட்டர் ஆகியவற்றின் இரைச்சலையும் சின்னக் கொயில் குறைவாகவே இழுக்கும்.

இழப்பு ஆழத்தில். நாணயம் அளவான பொருளை, கொயிலின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழம் வரை எதிர்பார்க்கலாம் என்பது பொதுவான கணக்கு. 6 இஞ்சிக்கு ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர். முற்றத்தில் நேற்றோ போன மாதமோ விழுந்த நகை மேல் 5 சென்ரிமீற்றருக்குள்தான் இருக்கும் என்பதால் இந்த இழப்பு அங்கே ஒரு பொருட்டல்ல. வெங்காயமோ மிளகாயோ போட்டு, உழவு மெசின் ஓடிய தோட்டக்காணி என்றால் கதை வேறு. அங்கே மோதிரம் கீழே போயிருக்கலாம். பெரிய கொயிலில் தொடங்குங்கள்.

மற்ற இழப்பு நேரம். இந்தக் கொயில் டபிள் டி வகை (உள்ளே D வடிவில் இரண்டு கம்பிச் சுருள்). அதன் கூர்மை நடுக்கோட்டில் ஒரு ஒடுங்கிய பட்டையாக இருக்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் கொயிலின் பாதியளவுதான் முன்னேறலாம் என்றால் அது 7 சென்ரிமீற்றர். ஒரு பரப்புக் காணி (10 பேர்ச், சுமார் 253 சதுர மீற்றர்) முழுவதையும் ஒரு மீற்றர் அகல வீச்சில் தேட 3,600 வீச்சு வேண்டும். வீச்சுக்கு ஒரு செக்கன் என்றாலும் ஒரு மணித்தியாலம், நின்று கிளறும் நேரம் வேறு. 11 இஞ்சியில் இதில் பாதி. ஆகவே முழு வளவுக்கும் சின்னக் கொயிலைப் பூட்டிக்கொண்டு நடக்கத் தேவையில்லை. நகை தொலைத்தவரிடம் எங்கே உடுப்புத் தோய்த்தார், எங்கே கை கழுவினார், கூட்டிய குப்பையை எங்கே கொட்டினார் என்று பொறுமையாகக் கேட்டு இடத்தைச் சுருக்குங்கள். அந்தக் கேள்விகள் மெசினை விட வேகமானவை.

மெசினை வெளியே எடுக்கமுதல் ஒன்று. வடக்கில் மண்ணைக் கிளறுவது விளையாட்டல்ல. போர் நடந்த காணி, உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து விடுவிக்கப்பட்ட காணி, கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்று உறுதியாகத் தெரியாத காணி எதிலும் இந்த மெசினோடு கால் வைக்கவேண்டாம். உலோகம் மிகக் குறைந்த பிளாஸ்ரிக் மிதிவெடிகளைப் பொழுதுபோக்கு மெசின் காட்டாமலே விடலாம். சத்தம் வரவில்லை என்பதால் இடம் பாதுகாப்பானது என்று ஆகாது. ஆட்கள் வாழ்ந்து புழங்கும் வளவிலும் ஒரு விதி வேண்டும்: கொயிலை ஒரு அடி மேலே தூக்கிய பிறகும் சத்தம் குறையாமல் வந்தால், அல்லது கொயிலை விடப் பெரிய பொருளாகத் தெரிந்தால், கிளறாதீர்கள். நகை அப்படிக் கத்தாது. சந்தேகமான ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல், வந்த வழியே விலகி 119க்குச் சொல்லுங்கள்.

சட்டமும் தெளிவானது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குரியது, காணி உங்களுடையதாக இருந்தாலும். அனுமதியில்லாமல் அதைத் தேடித் தோண்டுவது குற்றம். கந்தரோடை, நல்லூர், கோட்டைப் பக்கம் மெசினோடு திரியவே வேண்டாம். புதையல் ஆசையில் வாசிப்பவருக்கு இந்த மதிப்பீடு உதவாது. தொலைந்த நகையைத் தேடுவதென்றாலும் காணிக்காரர் பக்கத்தில் நிற்கவேண்டும், கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் முதலே ஒரு சொல் சொல்லிவைப்பது நல்லது. மெசினை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர நினைப்பவர்கள் அனுமதி பற்றிச் சுங்கத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

இனிப் பூட்டும் விதம். நைலோன் போல்ற்றையும் இரண்டு றப்பர் வாசரையும் மட்டுமே பாவியுங்கள். தொலைந்த போல்ற்றுக்குப் பதிலாக இரும்பு போல்ற் போட்டால் கொயில் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். கொயில் தானாகத் தொங்காத அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் கொயிலின் காதுகள் (போல்ற் போகும் இரண்டு நீட்டுகள்) வெடிக்கும். வயரைத் தண்டில் நெருக்கமாகச் சுற்றி, மூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தளர்வு விடுங்கள். ஆடும் வயர் பொய்ச் சத்தம் தரும். அடிமூடி போட்டுக்கொள்வது அவசியம், நம்முடைய சுண்ணக்கல் கொயிலின் அடியை உரஞ்சித் தேய்த்துவிடும். மூடிக்குள் புகும் செம்மண்ணைத் தட்டிவிடாவிட்டால் அதுவும் பொய்ச் சத்தந்தான்.

கொயில் மாற்றியதும் இரைச்சல் நீக்கத்தையும் மண் சமப்படுத்தலையும் திரும்பச் செய்யவேண்டும். கிணற்று மோட்டரை நிற்பாட்டுங்கள், சட்டைப்பையிலுள்ள போனைத் தள்ளி வையுங்கள். கொயிலை அசைக்காமல் பிடித்து இரைச்சல் நீக்கத்தை ஓடவிடுங்கள். பிறகு உலோகம் இல்லாத ஒரு துண்டு மண்ணின் மேல் கொயிலை ஏற்றி இறக்கி, சத்தம் அடங்கும் வரை சமப்படுத்துங்கள். குப்பை வளவில் அப்படி ஒரு துண்டு தேடுவதற்கே சின்னக் கொயில் கைகொடுக்கும்.

மெசினிலுள்ள தேடல் முறைகளில் நகைக்குப் பார்க் 2. சிறிய தங்கத்துக்கு அது பார்க் 1ஐ விடக் கூர்மை. உணர்திறன் 15 முதல் 18 வரை போதும், 25இல் வைத்தால் கீழே கிடக்கும் குப்பையைத்தான் கூட்டி அழைப்பீர்கள். மீட்பு வேகம் (ஒரு பொருளைக் காட்டியபின் அடுத்ததற்குத் தயாராகும் வேகம்) 800இல் 6 அல்லது 7, 600இல் 3. இரும்புச் சாய்வை (சந்தேகமான சமிக்ஞையை இரும்பென்று தள்ளும் அளவு) குறைத்து வையுங்கள். கூட்டினால் சோடா மூடித் தொல்லை குறையும், ஆனால் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் மோதிரத்தையும் மெசின் இரும்பென்று தள்ளிவிடும். அதற்காகவா சின்னக் கொயில் வாங்கினோம்? இலக்கு எண் (அகப்பட்ட பொருளுக்கு மெசின் திரையில் காட்டும் எண்) 1, 2 மூடப்பட்டிருந்தால் திறந்துவிடுங்கள். சின்னத் தோடும் மூக்குத்தியும் அங்கேதான் விழும்.

சோடா மூடியை அமைப்பால் விலக்குவதை விடக் கையால் விலக்குவது மேல். சத்தம் வந்த இடத்தின் மேல் கொயிலைக் குறுகலாக ஆட்டியபடி மெல்ல உங்களை நோக்கி இழுங்கள். பொருள் கொயிலின் முன்விளிம்பைத் தாண்டும் நேரத்தில் நல்ல சத்தம் கரகரத்து இரும்புச் சத்தமாக மாறினால் அது பெரும்பாலும் மூடி. மோதிரம் கடைசி வரை அதே குரலில் வந்து சட்டென்று நிற்கும். பிறகு 90 பாகை திரும்பி நின்று அதே இடத்தை ஆட்டுங்கள். மோதிரத்தின் எண் எந்தப் பக்கத்தாலும் ஒன்றிரண்டுக்கு மேல் மாறாது. கசங்கிய ஈயத்தாளின் எண் துள்ளும். 11 இஞ்சியில் இந்தச் சோதனை தடுமாறும், இழுக்கும்போதே அடுத்த குப்பை உள்ளே வந்துவிடும்.

தங்கத்தையும் ஈயத்தாளையும் எண்ணை வைத்துப் பிரிக்கும் மெசின் கிடையாது. 22 கரட் தங்கம் மின்னை நன்றாகக் கடத்தும் என்பதால், நம்மவரின் பாரமான மோதிரம் அதே அளவான 14 கரட் மோதிரத்தை விட உயர்ந்த எண்ணில் நிற்கும். வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டும் எண்களை அப்படியே நம்பவேண்டாம், வீட்டிலுள்ள ஒரு மோதிரத்தை மண்ணில் வைத்துப் பார்த்துப் பழகுங்கள். சங்கிலிதான் கஷ்டம். மெசின் அதை ஒரு முழுப் பொருளாகப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு வளையமாகத்தான் பார்க்கும். மெல்லிய சங்கிலியில் சத்தம் தருவது பெரும்பாலும் கொழுக்கி மட்டுமே. தாலிக்கொடி தடிப்பு என்பதாலும் தாலி தொங்குவதாலும் தப்பிக்கும். மெல்லிய சங்கிலிக்கு 6 இஞ்சியே பெரிது என்று தோன்றும், கொயிலை மண்ணோடு ஒட்டி மிக மெதுவாக ஆட்டுங்கள்.

எடுக்கும்போது மண்வெட்டி வேண்டாம். மண்ணைச் சிரட்டையால் வழித்து அரிதட்டில் போடுங்கள். ஆணியில்லாத மரக்கட்டையும் கயிறும் வைத்து ஒரு மீற்றர் பாதைகளாகப் பிரித்து, முடிந்ததும் குறுக்காக இன்னொரு முறை போங்கள். முதல் சுற்றில் ஆணி மறைத்தது குறுக்குச் சுற்றில் வெளியே வருவதுண்டு.

கடற்கரைக்கு இதை முதல் தெரிவாகச் சொல்லமாட்டேன். கசூரினாவிலும் சாட்டியிலும் மணல் அகலம், குப்பை செறிவு குறைவு, விழுந்த பொருள் மணலில் சீக்கிரம் இறங்கும். அங்கே 11 இஞ்சியும் பீச் அமைப்பும். ஆட்கள் இருந்து சாப்பிடும் மரநிழல்களில் மட்டும் சின்னக் கொயிலைப் பூட்டலாம். உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள்.

கரட் (Garrett) நிறுவனத்தின் ஏஸ் 250 மெசின் வைத்திருப்பவருக்கு 4.5 இஞ்சிக் கொயில் உண்டு. ஆணிக்குள் பிரிப்பதில் நல்லது, ஆனால் அந்த மெசினின் 6.5 கிலோஹேர்ட்ஸ் அதிர்வெண் சின்னத் தோட்டுக்கு மந்தம். 15 கிலோஹேர்ட்ஸில் ஓடும், அதே நிறுவனத்தின் ஏரி ப்ரோவில் (AT Pro) 5×8 இஞ்சிக் கொயில் பூட்டினால் அந்தக் குறை பெரும்பாலும் தீரும். எக்குவினொக்ஸ் கொயில் இந்தக் கரட் மெசின்களுக்குப் பொருந்தாது. புதிதாக மெசினே வாங்குபவர் எக்குவினொக்ஸ் 900ஐப் பாருங்கள், 11 இஞ்சியும் 6 இஞ்சியும் ஒரே பெட்டியில் வருகின்றன. 600 அல்லது 800 ஏற்கெனவே கையில் இருந்தால் 6 இஞ்சிக் கொயிலோடு கீழ்த்தண்டு ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். போல்ற்றைக் கழற்றிப் பூட்டும் வேலை இல்லாமல் ஒரு நிமிடத்தில் மாற்றலாம், காதுகளும் தேயாது.