நியூயார்க்குக்கு நேராகப் போவதா, இறங்கி ஏறுவதா?

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே சுமார் 15,340 கிலோமீட்டர். உலக உருண்டையை எடுத்து இரண்டு ஊருக்கும் நூல் பிடித்துப் பாருங்கள், நூல் வட துருவத்தை ஒட்டிப் போகும். ஆனால் விமானம் அப்படியே போவதில்லை. போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கமாகச் சுற்றி, மேற்கிலிருந்து அடிக்கும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ள, அந்த வேகத்தில் போகிறது. தூரம் கூடினாலும் நேரம் மிச்சம். அதனால் கிலோமீட்டரைப் பார்த்து டிக்கெட் எடுப்பதில் அர்த்தமில்லை.

நேரடி விமானம் ஏறக்குறைய பதினெட்டரை முதல் பத்தொன்பது மணி நேரம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில் இதை மிக நீண்ட தூரம் பறக்கும் ஏ350-900யுஎல்ஆர் விமானத்தில், நியூயார்க்குக்குப் பக்கத்தில் நியூ ஜெர்சியில் உள்ள நூவர்க் விமான நிலையத்துக்கு மீண்டும் தொடங்கியது, 2020 நவம்பரில் நியூயார்க் நகரின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கும் வந்தது. மொத்தமே 161 இருக்கை: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி கிடையாது! குடும்பமாகப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் தயங்குகிறார்கள், நியாயம்தான், நான்கு பேருக்குக் கூட்டிப் பார்த்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

அதே நிறுவனம் ஃபிராங்க்பர்ட் வழியாகவும் ஜேஎஃப்கே போகிறது, அதில் எகானமி உண்டு. எல்லாம் சேர்த்து ஒரு நாள் கணக்கு. நள்ளிரவை ஒட்டி சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஏறினால் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் நீண்ட பகுதி தூக்கத்தில் கழியும், விடிந்ததும் ஃபிராங்க்பர்ட்டில் கைப்பையோடு இறங்கி, கால் நீட்டி நடந்து, ஒரு காபி குடித்துவிட்டு அதே விமான எண்ணில் மறுபடி ஏறலாம். மிச்சம் எட்டரை மணி நேரம்தான். துபாய், தோஹா வழியில் இது தலைகீழ்: ஏழு எட்டு மணி நேரம் முதலில், களைத்த பிறகு பதின்மூன்று பதினான்கு மணி நேரம். கட்டணம் குறைவாகக் கிடைக்கும், ஆனால் மூட்டுவலி உள்ளவர்களை அந்த வழியில் அனுப்ப எனக்கு மனம் வராது.

அப்பா அம்மா பேரப்பிள்ளையைப் பார்க்க நியூ ஜெர்சியில் உள்ள எடிசன் போகிறார்கள் என்றால், முடிந்தவரை நூவர்க் நேரடி விமானத்தையே எடுங்கள். நடுவில் எந்த ஊரிலும் கேட் தேடி அலைய வேண்டாம், இறங்கியதும் வீடும் பக்கம். ஜேஎஃப்கேயில் இறங்கினால் நியூயார்க் நெரிசலைக் கடந்து நியூ ஜெர்சி போய்ச் சேர வேண்டும், சாயங்கால நேரமானால் அதுவே ஒரு தனிப் பயணம். பிரீமியம் எகானமியில் ஓரத்தில் இரண்டிரண்டாக இருக்கும் இருக்கைகளைப் பிடித்தால் இருவரும் சேர்ந்து உட்காரலாம். தனியாகப் போகிறவருக்கு 40 முதல் 42 வரையான வரிசைகளில் ஜன்னலோரம் ஒற்றை இருக்கை இருக்கிறது, பக்கத்தில் யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்கலாம். எந்த வழியானாலும் நடப்பதும் தண்ணீர் குடிப்பதும் கட்டாயம், இவ்வளவு நேரம் அசையாமல் இருந்தால் காலில் ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு.

அப்புறம், திரும்பும் தேதி. ஜேஎஃப்கேயில் வெள்ளி இரவு நேரடி விமானம் ஏறினால் சாங்கியில் இறங்கும்போது ஞாயிறு விடியற்காலை, சனிக்கிழமை முழுவதும் வானத்திலேயே போய்விடும். திங்கள் வேலை இருப்பவர்கள் சனி இரவு விமானத்தை எடுக்காதீர்கள்.