பிஸ்மத் மாலிப்டேட்டா, வெனடியம் பாஸ்பேட்டா, எம்1 படிகமா?

ஹைட்ரோகார்பனை எரிக்க ஒரு தீக்குச்சி போதும். எரிந்துகொண்டிருப்பதைப் பாதி வழியில் பிடித்து நிறுத்துவதுதான் வித்தை. புரொப்பிலீனிலிருந்து கிடைக்கும் அக்ரோலினும் பியூட்டேனிலிருந்து கிடைக்கும் மெலியிக் நீரிலியும் அப்படி நடுவழியில் இறக்கிவிடப்பட்ட பொருள்கள். விட்டுவிட்டால் எல்லாம் கார்பன் டை ஆக்சைடில்தான் போய் முடியும். இறக்கிவிடும் வேலையைச் செய்பவை உலோக ஆக்சைடு வினையூக்கிகள். அவற்றில் மூன்று குடும்பங்கள் மூன்று விதமாக மேம்படுத்தப்பட்டிருக்கின்றன.

ஒப்பிடுவதற்கு முன் ஓர் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். மாறிய மூலக்கூறுகளில் எத்தனை நாம் கேட்ட பொருளாயின என்பதே தேர்திறன். “எங்கள் வினையூக்கியின் தேர்திறன் 95 சதவீதம்” என்று பெருமையாக எழுதுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் மாற்றம், அதாவது செலுத்தியதில் வினைப்பட்ட பங்கு, வெறும் 5 சதவீதம். கையில் கிடைப்பது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 80 சதவீத மாற்றத்தில் 70 சதவீதத் தேர்திறன் தருவதோ நூற்றுக்கு 56 கொடுக்கிறது; இதுதான் விளைச்சல். ஒரே மாற்றத்தில் வைத்துப் பார்க்காத தேர்திறனை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மூன்றில் மூத்தது பிஸ்மத் மாலிப்டேட். சோகையோ நிறுவனம் 1960இல் அமெரிக்காவின் லிமா நகரில் இதை வைத்துத்தான் புரொப்பிலீன், அம்மோனியா, காற்று மூன்றையும் சேர்த்து அக்ரிலிக் இழைகளுக்கு மூலப்பொருளான அக்ரிலோநைட்ரைலைச் செய்யத் தொடங்கியது. இந்த மஞ்சள் தூளின் மேல் காற்றே இல்லாமல் புரொப்பிலீனை மட்டும் செலுத்தினாலும் சிறிது நேரம் அக்ரோலின் வந்துகொண்டிருக்கும். தூள் மெல்லக் கறுக்கும். பிறகு காற்றை விட்டால் மஞ்சள் திரும்பும். வினையில் சேர்வது காற்றின் ஆக்சிஜன் அல்ல, படிகத்தின் சொந்த ஆக்சிஜன்; காற்று அந்தக் கடனை அடைக்கிறது, அவ்வளவுதான். மார்ஸ், வான் கிரெவெலன் என்ற ஆய்வாளர்கள் 1954இல் முன்வைத்த வழிமுறை இதுவே.

கடன் எவ்வளவு விரைவாக அடைகிறதோ அவ்வளவு நல்லது. இரும்பைச் சேர்த்ததன் பயன் அங்கேதான். இரண்டு ஆக்சிஜனேற்ற நிலைகளுக்கிடையே எளிதாக மாறும் இரும்பு, ஆக்சிஜனைத் தேவையான இடத்துக்குக் கடத்துகிறது. கோபால்ட், நிக்கல் மாலிப்டேட்டுகள் தாங்கும் உடலாகின்றன. துளி பொட்டாசியம் அமிலத்தன்மையைத் தணிக்கிறது. இப்படித் தனிமங்களைக் கூட்டிக் கூட்டியே அக்ரிலோநைட்ரைல் விளைச்சல் 80 சதவீதத்தைத் தாண்டியது. சமையல் குறிப்பு போலத் தோன்றினாலும், ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு வேலை உண்டு. ஆனால் இந்தக் குடும்பத்துக்கு ஒரு சலுகையும் இருக்கிறது: புரொப்பிலீனில் இரட்டைப் பிணைப்பை அடுத்த கார்பனில் உள்ள ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். அந்தச் சலுகை இல்லாத புரொப்பேனைக் கொடுத்தால் பிஸ்மத் மாலிப்டேட் ஏறக்குறைய கைவிரித்துவிடும்.

வெனடியம் பாஸ்பேட்டின் வேலை கடினமானது. ஒரு பியூட்டேன் மூலக்கூறிலிருந்து எட்டு ஹைட்ரஜனை நீக்கி மூன்று ஆக்சிஜனைச் சேர்க்க வேண்டும். நடுவில் எதையும் வெளியே விடவும் கூடாது. இந்தக் குடும்பத்தின் வனடைல் பைரோபாஸ்பேட் என்ற சேர்மம் அதைச் செய்கிறது. இங்கே புதிய தனிமங்களைவிட ஒழுங்குக்கே மதிப்பு அதிகம். பாஸ்பரஸ், வெனடியத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும்; வெனடியத்தின் சராசரி ஆக்சிஜனேற்ற நிலை நான்கைச் சற்றே தாண்டியிருக்க வேண்டும். ஓடும் ஆலையில் பாஸ்பரஸ் ஆவியாகிக் குறைவதால், பியூட்டேனோடு பாஸ்பேட் எஸ்டரைத் துளித்துளியாகச் சேர்த்து ஈடுகட்டுகிறார்கள்.

இதன் உண்மையான எதிரி வெப்பம். ஒரு மோல் பியூட்டேன் மெலியிக் நீரிலியானால் சுமார் 1,240 கிலோஜூல் வெளிவரும். முழுதும் எரிந்தால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். தப்பி எரியும் ஒவ்வொரு மூலக்கூறும் குழாயைச் சூடாக்கி அடுத்ததையும் எரியத் தூண்டுகிறது. வினையூக்கி அசையாமல் கிடக்கும் நிலைப்படுகை உலைகளில் விளைச்சல் 60 சதவீதத்தைச் சுற்றியே நிற்பதற்கு இது ஒரு காரணம். வினையூக்கியை மாற்றுவதற்குப் பதில் உலையை மாற்றிப் பார்த்தது டூபாண்ட் நிறுவனம். ஸ்பெயினின் அஸ்துரியாஸில், ஓர் அறையில் பியூட்டேனும் மற்றோர் அறையில் காற்றுமாக வினையூக்கித் துகள்களைச் சுற்றவிட்டது. அழகான யோசனை. ஆனால் ஒரு கிலோ துகள் ஒரு சுற்றில் சுமக்கும் ஆக்சிஜன் மிகச் சொற்பம். மலைமலையாகத் துகளைச் சுழற்ற வேண்டியிருந்தது. அந்த ஆலை இன்று இயங்கவில்லை.

ஆர்த்தோ சைலீனைத் தாலிக் நீரிலியாக்கும் வெனடியம்–டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) ஜோடியை இங்கே விரித்துப் பேசவில்லை. டைட்டானியாவின் மேல் வெனடியம் ஆக்சைடை ஓரடுக்காகப் பரப்பினால் போதும் என்ற அதன் பாடம் எப்போதோ கற்றுமுடிந்த பாடம்.

கடைசியாக எம்1. மாலிப்டினம், வெனடியம், டெலுரியம், நியோபியம் நான்கும் சேர்ந்த செஞ்சாய்சதுரப் படிகம். புரொப்பேனையே நேரடியாக அக்ரிலோநைட்ரைலாக்கும்; ஆய்வகத்தில் 60 சதவீதம் வரை விளைச்சல் பதிவாகியிருக்கிறது. தயாரிக்கும்போது எம்2 என்ற உடன்பிறப்பும் சேர்ந்தே பிறக்கும். எம்2வால் புரொப்பேனைத் தொட முடியாது. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்தால் எம்2 கரைந்துபோய் எம்1 மட்டும் மிஞ்சும். ஈத்தேனில் எம்1 இன்னும் பிரகாசிக்கிறது. 400 டிகிரி செல்சியஸுக்கும் கீழே, 90 சதவீதத்துக்கு மேல் தேர்திறனோடு எத்திலீன் தரும். எத்திலீனில் எளிதில் கழலும் ஹைட்ரஜன் இல்லாததால் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

புரொப்பிலீன் கிடைக்கும் இடத்தில் பிஸ்மத் மாலிப்டேட்டை அசைக்க எதுவும் இல்லை என்பது என் தீர்ப்பு. பியூட்டேனுக்கு வெனடியம் பாஸ்பேட்டைத் தவிர வேறு கதி இல்லை. அங்கே உழைப்பைச் செலவிட வேண்டியது வெப்பத்தை அகற்றுவதில், கூடுதல் தனிமங்களில் அல்ல. புதிதாக ஆராய்ச்சி தொடங்குபவர் எம்1 பக்கம் போகலாம், ஆனால் புரொப்பேனுக்கு அல்ல, ஈத்தேனுக்கு. கூடவே ஒரு தராசும் வேண்டும். சூட்டில் டெலுரியம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆயிரம் மணி நேரம் ஓடியபின் அதில் எவ்வளவு மிஞ்சியது என்று சொல்லாத முடிவுகளை வைத்து ஆலை கட்ட முடியாது.