ஊஊ என்று ஒரு சத்தம்: கம்பெனி சர்வீஸா, பட்டறை மெக்கானிக்கா, நம் காதா?

கோயமுத்தூரிலிருந்து ஈரோட்டுக்கு வாரம் இரண்டு தடவை காரில் போய் வருகிறேன். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும், சின்னக் கார் என்றால் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். அதனால் போன ஆடியில் வண்டிக்குள் ‘ஊஊ’ என்று கேட்டபோது, கதவு ரப்பரில் காற்று புகுகிறது என்றே நினைத்தேன். ஆவணி பிறந்து காற்று அடங்கியது. சத்தம் அடங்கவில்லை.

அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்க நான் மூன்று வழி போனேன். ஒவ்வொன்றிலும் எது தேறியது, எது தேறவில்லை என்று எழுதி வைத்தால், இதே குழப்பத்தில் இருக்கிறவர்களுக்குக் காசும் நேரமும் மிஞ்சும்.

முதலில் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் சென்டர். அட்வைசர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு ஜாப் கார்டில் ‘சத்தம் வருகிறது’ என்று எழுதினார். சாயங்காலம் போன் வந்தது: முன் டயர் இரண்டும் தேய்மானம், மாற்றினால் சரியாகிவிடும். மாற்றினேன். அன்றைக்கே அவிநாசியைத் தாண்டி அறுபதைத் தொட்டதும் பழைய ‘ஊஊ’ அப்படியே வந்தது. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை, டயர் தேய்ந்துதான் இருந்தது. கோளாறு அங்கே வேலை நடக்கிற முறையில் இருக்கிறது. சத்தத்தைக் கேட்டவன் நான், என் வாயிலிருந்து கேட்டவர் அட்வைசர், வண்டியில் கை வைத்தவர் மூன்றாவது ஆள். அவர் ஓட்டிப் பார்ப்பது பெரும்பாலும் சென்டரைச் சுற்றியுள்ள டவுன் நெரிசலில், முப்பது, நாற்பது வேகத்தில். அறுபதில் வருகிற சத்தம் அவருக்கு எப்படிக் கேட்கும்?

இரண்டாவதாக, பெருந்துறைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. லாரிக்காரர் ஒருவர் சொல்லி அனுப்பினார். அந்த அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. “ஏனுங்ண்ணா, இது எப்பங்க வருது?” என்பதுதான் முதல் கேள்வி. “பிரேக் போட்டா நிக்குதுங்களா? கிளட்ச்ச மிதிச்சா மாறுதுங்களா?” என்று அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, என்னையே ஓட்டச் சொல்லிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். காலியான ரோட்டில் அறுபது வந்ததும் நியூட்ரலுக்குத் தள்ளச் சொன்னார். இன்ஜின் இறங்கியது, சத்தம் இறங்கவில்லை. “சரிங்க, இன்ஜின் இல்ல.” அப்புறம் வண்டியை மெதுவாக இடது பக்கம் வளைத்து, வலது பக்கம் வளைக்கச் சொன்னார். இடது பக்கம் வளைத்தபோது சத்தம் கூடியது. “ரைட்டு முன்வீலு பேரிங்குங்க.”

காரணத்தையும் அவரே சொன்னார். வண்டி இடது பக்கம் வளையும்போது எடை வலது பக்கச் சக்கரத்தின் மேல் ஏறும். சக்கரம் தடையில்லாமல் சுழலத் தாங்கிப் பிடிக்கிற பேரிங் கெட்டுப்போயிருந்தால், அந்த எடையில் கூடுதலாக முனகும். பட்டறைக்குத் திரும்பி, ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையால் சுழற்றி, மறு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வைத்தார். “நீங்களும் வெச்சுப் பாருங்க.” வைத்தேன். மணலை அரைக்கிற மாதிரி ஒரு நறநறப்பு விரலில் தெரிந்தது. இடது சக்கரத்தில் அது இல்லை. மொத்தமே அரைமணி நேரம்தான்.

இந்தப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் மேல் எனக்கு உள்ள நம்பிக்கை சும்மா வந்ததில்லை. 1920-லேயே ஜி.டி.நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டிய மண் இது. மோட்டார் பம்பும் விசைத்தறியும் ஓடுகிற ஊர்களில் பேரிங் கெட்ட சத்தம் சின்னப் பையனுக்கும் தெரியும். சங்ககிரி, நாமக்கல் லாரிகளையும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளையும் பார்த்து வளர்ந்த மெக்கானிக்குக் காதுதான் முதல் கருவி. ஓடுகிற இன்ஜினில் நீளத் திருப்புளியின் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் செய்கிற வேலையேதான் அது.

ஆனால் கண்டுபிடிப்பது வேறு, மாட்டுவது வேறு. பட்டறையில் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். என் வண்டியில் உள்ளது போன்ற பேரிங்கைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால் புதியதே சீக்கிரம் கெட்டுவிடும், பிரஸ் என்கிற அழுத்தும் மெஷின் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு) உள்ள பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். அது சென்சாரைப் பார்த்தபடி அமைய வேண்டும், திருப்பிப் போட்டால் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரியும். “பிரஸ் இருக்குதுங்களா? காந்தப் பக்கம் பாத்துப் போடுவீங்களா?” என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். பொருளையும் பெட்டியோடு காட்டச் சொல்லுங்கள், போலி பேரிங் மார்க்கெட்டில் நிறைய உண்டு.

கம்பெனி சர்வீஸ் ஜெயிக்கிற இடமும் இருக்கிறது. என் மச்சானின் கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கிரீச்சென்றது. வெளியே ஒரு பட்டறையில் சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள புஷ்ஷுக்கெல்லாம் கிரீஸ் அடித்தும் போகவில்லை. கம்பெனியில் காட்டியபோது, அதே மாடலில் இதற்கு முன்பும் பார்த்த கோளாறு என்று நேராக அந்தப் பாகத்தைக் கழற்றி, வாரண்டியில் பணம் வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரே மாடலை நாள்தோறும் பார்க்கிறவர்களுக்கு அதன் பிறவிக் குறைகள் தெரியும். வாரண்டி உள்ள வண்டியை வெளியே பிரித்தால் பின்னால் வம்பு வரலாம், அதனால் புது வண்டிக்குக் கம்பெனிதான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பிரேக் பேடு, கிளட்ச், வைப்பர் மாதிரித் தேய்கிற பொருட்கள் பொதுவாக வாரண்டியில் வராது. லேபருக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

கம்பெனியில் விட்டாலும் ஒரு காரியம் செய்யலாம். “டெக்னீஷியனோடு நானும் வண்டியில் வருகிறேன், சத்தம் வருகிற ரோட்டுக்கே போகலாம்” என்று சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். நான் அன்றைக்கு இதைக் கேட்டிருந்தால் டயரை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருப்பேன்.

வீல் அலைன்மென்ட் கடைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேடு பள்ளத்தில் வருகிற ‘டொக் டொக்’ சத்தத்துக்கு அவர்கள் கை தேர்ந்தவர்கள், கம்பியால் நெம்பிப் பார்த்தே எந்த புஷ் போயிற்று என்று சொல்லிவிடுவார்கள். மற்றச் சத்தங்களுக்கு அங்கே போக வேண்டியதில்லை.

ஆன்லைனில் வாங்கும் சின்ன ஸ்கேனரைச் செருகினால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்கேனருக்குக் காது கிடையாது. சென்சார் சொல்வதை மட்டுமே அது படிக்கும். பேரிங் முனகுவதையும் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடு என்கிற இணைப்புக் கம்பி ஆடுவதையும் சொல்ல எந்தச் சென்சாரும் இல்லை. இன்ஜின் மிஸ்ஸாகி உதறினால் எந்தச் சிலிண்டர் என்று சொல்லும், அதற்கு வைத்துக்கொள்ளலாம். போனில் ரெக்கார்டு செய்வது ‘டக் டக்’ சத்தத்துக்கு உதவும். ‘ஊஊ’ போன்ற தாழ்ந்த ஒலி போன் ஸ்பீக்கரில் திரும்பக் கேட்கும்போது பாதி காணாமல் போய்விடும்.

மூன்றாவது வழி நம் காது. என் கணக்கில் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். பட்டறை அண்ணன் கேட்ட கேள்விகளை நாமே கேட்டுக்கொண்டு போனால் யாரிடம் போனாலும் வேலை பாதி முடிந்த மாதிரி. நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தாலே வருகிறதா? அப்படியென்றால் இன்ஜின் பக்கம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கேட்டால் ஃபேன் பெல்ட்டில் சந்தேகம் போகும். விலகி நின்று பெல்ட்டில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்று, பிறகு திரும்பினால் பெல்ட். தண்ணீருக்கு மசியவே இல்லை என்றால் அதைத் தாங்குகிற புல்லி அல்லது அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரின் பேரிங். கிளட்ச்சை மிதிக்கும்போது மட்டும் உராய்கிற சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைப் பார்க்கச் சொல்லலாம்.

டயர் சத்தமும் பேரிங் சத்தமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. என்னைக் குழப்பியதும் அதுதான். டயர் என்றால் ரோடு மாறும்போது சத்தமும் மாறும், புதுத் தாரில் குறைந்து சிமென்ட் சாலையில் கூடும். பேரிங் எந்த ரோட்டிலும் ஒரே சுருதியில் முனகும், வளைக்கும்போதுதான் மாறும். உள்ளங்கையை டயரின் மேல் முன்னும் பின்னுமாக ஓட்டிப் பாருங்கள், ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம் மாதிரியும் இருந்தால் டயர். இன்னும் சந்தேகம் என்றால் முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் கூடவே பின்னால் போய்விட்டால் பேரிங்கைக் கழற்ற வேண்டாம்.

வேகத்தடையில் மெதுவாக ஏறும்போது ‘டொக்’ என்றால் பெரும்பாலும் லிங்க் ராடு, விலை அதிகம் இல்லாத பொருள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளுகிற மாதிரி ‘டங்’ என்றால் ஷாக் அப்சர்பரின் மேலே உள்ள மவுன்ட். மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வட்டமடிக்கும்போது ‘கட கட’ என்றால் சக்கரத்தைச் சுழற்றுகிற ஆக்சிலின் மூட்டான சிவி ஜாயின்ட். குனிந்து முன்சக்கரத்தின் உள்பக்கம் பாருங்கள், ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கும்.

பிரேக் சத்தம் மட்டும் தனி. கீச்சென்ற மெல்லிய சத்தம் என்றால், பேடு தேய்ந்துவிட்டது என்று சொல்வதற்காகவே வைத்த சின்னத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது என்று இருக்கலாம், ஓரிரு நாளில் மாற்றிவிடலாம். இரும்போடு இரும்பு அரைகிற ‘கர்ர்’ சத்தம் கேட்டால், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலோ ஆழியாறு–வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளிலோ அந்த வண்டியை இறக்கவே கூடாது. கம்பெனியா பட்டறையா என்று யோசிக்காமல், ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, யார் சீக்கிரம் வருவாரோ அவரை அங்கேயே வரச் சொல்லுங்கள்.